இரவல் அம்மன்

குங்குமம் வைத்த இடம் அரிக்கிறது. சொறிந்தால் கலைந்துவிடும். கலைந்தால் திரும்ப வைக்க வேண்டும், திரும்ப வைக்கும்போது மூக்கு வரைக்கும் கொட்டிக்கொள்வேன், அந்த நேரம் பார்த்துத்தான் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. வண்டி வாசலில் வந்து நிற்கும். சொறியக் கூடாது. பதினெட்டு வருஷம் வெறுமையாகக் கிடந்த நெற்றி, இன்றைக்குத் திடீரென்று என்ன வந்தது என்று புரியாமல் அரிக்கிறதோ என்னவோ. பத்து மணிக்கு வருவார் என்று நேற்றுத் தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்து வை என்றார், போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, வீட்டையும் கொஞ்சம் பார்த்து வச்சுக்கம்மா என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, தெரிந்துகொண்டே என்னத்தைக் கேட்பது. இப்போது மணி பத்தே முக்கால். ஆர்.ஐ. கேட்கப் போகிற கேள்விக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் என்ன? அஞ்சலாட்சி. புருஷன் பெயர்? ஏழுமலை, தவறி ஆறு வருஷம் ஆகிறது, காலனி சுடுகாட்டில்தான் வைத்தோம், அவர் கடைசி வரைக்கும் எந்தச் சாமியையும் தொந்தரவு செய்யாத மனுஷர். பிள்ளை? ஒரே பெண், தேன்மொழி. சாதி? ஆதிதிராவிடர். மதம்? இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் வாய் ஒரு நொடி நிற்கிறது. காலையில் கண்ணாடி முன்னால் பத்து தடவை சொல்லிப் பார்த்தேன், பத்து தடவையும் நின்றது. ஒரு நொடி நின்றால் போதாதா அவருக்கு, எத்தனை வீடு பார்த்திருப்பார். தேன்மொழி மூன்று வருஷம் ராப்பகலாகப் படித்து, டைப்பிங் ஹையர் முடித்து, பரீட்சை எழுதி, எஸ்.சி. ஒதுக்கீட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, ஆர்டர் வருகிற நேரத்தில் யாரோ ஒரு மனு போட்டார்கள். இந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், சர்டிபிகேட்டில் இந்து என்றிருப்பது பொய் என்று. கிறிஸ்தவராகிவிட்டால் எஸ்.சி. இல்லை, பி.சி. ஆகிவிடும், பி.சி. பட்டியலில் அவள் மார்க்குக்கு இடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். மாறியதும் சாதி போய்விடுமாம். டவுனில் வீடு பார்க்கப் போனபோது போகவில்லை. டீக்கடையில் போகவில்லை. சர்டிபிகேட்டில் மட்டும் போய்விடும். சரி, இதையெல்லாம் ஆர்.ஐ.யிடம் கேட்கவா முடியும், கேட்கிறவர் அவர், பதில் சொல்கிறவள் நான்.

எதிரில் அம்மன் என்னைப் பார்க்கிறாள். பச்சையக்கா வீட்டு அம்மன். பக்கத்து வீட்டில் இருபது வருஷமாகப் புகை குடித்துக் கண்ணாடி மங்கிப்போன படம், இன்றைக்குக் காலையில்தான் இங்கே ஆணியில் ஏறினாள். அந்த ஆணியில் என் வசனப் படம் இருந்தது. அதைப் பழைய சேலையில் சுற்றி, வேதப் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டிப் பச்சையக்காவிடம் கொடுத்தேன், அக்கா அவள் அம்மனைக் கழற்றி, ஓர் அகல் விளக்கோடு என்னிடம் கொடுத்தாள். வேலிக்கு மேலே கை நீட்டிக் குழம்பு கொடுத்து வாங்குவது போலத்தான் கொடுத்து வாங்கினோம், ஆனாலும் இரண்டு பேருமே முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஆடி வெள்ளி அதுவுமாக அம்மனை வீட்டைவிட்டு அனுப்புகிறாயே அக்கா என்று கேட்டேன். "பக்கத்து வூட்டுக்குத்தானேடி போறா, பாப்பாவுக்கு வேலை வந்தா அவளுக்கும் பெருமைதான்" என்றாள். புதுப் படம் வாங்கி மாட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அக்காதான் வேண்டாம் என்றாள், புதுப் படம் புதுப் படமாகவே தெரியும், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்க வேண்டும், மூலையில் பழைய பூ காய்ந்திருக்க வேண்டும் என்றாள். திருட்டுக்குப் போகிறவள் மாதிரி எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். கதவில் மட்டும் தகராறு. வருஷா வருஷம் சபையில் கொடுக்கிற, வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையைப் பசை தடவி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வந்திருக்கிறேன், சுரண்டச் சுரண்டப் போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று வந்துகொண்டே இருந்தது, தேங்காயெண்ணெய் விட்டுக் கத்தியால் சுரண்டியும் ஒரு மூலை வரவில்லை. அதன் மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசி நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருக்கிறேன். மங்களகரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எங்கே உட்கார்ந்தாலும் கண் அந்த மூலைக்கே போகிறது. நான் பார்த்தால் அவரும் பார்ப்பார். பார்க்கக் கூடாது. அரிக்கிறது. சொறியக் கூடாது.

காது வேறு. ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்குக் கழற்றிய கம்மல், அப்புறம் காதில் ஒன்றும் போட்டதில்லை, எங்கள் சபையில் நகை கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது. பொட்டை வைத்துவிடலாம், பூவைச் சொருகிவிடலாம், தாலி இறங்கினவளுக்கும் அம்மன் குங்குமமும் பூவும் உண்டு என்று பச்சையக்கா சொல்லிவிட்டாள், காது தூர்ந்து போனதை என்ன செய்வது. ஐம்பது வயதுப் பெண்பிள்ளை மூளிக் காதோடு நின்றால் இந்த ஜில்லாவில் யாரும் ஒரு கேள்விதான் கேட்பார்கள், எந்த சபைம்மா என்று. காலையில் பச்சையக்கா ஈர்க்குச்சியை எண்ணெயில் தோய்த்து முதலில் வலது காதில் விட்டாள், சுரீர் என்றது, போய்விட்டது. அவள் கம்மலைக் கழற்றிப் போட்டுவிட்டாள். இடது காதில் எவ்வளவு குத்தியும் போகவில்லை. ரத்தம்தான் வந்தது. நான் கத்தினேன், அவள் திட்டினாள், கடைசியில் போதும் விடு என்று மற்றக் கம்மலை மாவுப் பசையால் ஒட்டிப் பார்த்தோம், பேசினால் விழுந்துவிடுகிறது. ஆர்.ஐ. முன்னால் பேசாமல் இருக்க முடியுமா. அதனால் இப்போது வலது காது வாசலைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், இடது பக்கம் முடியை இறக்கிவிட்டிருக்கிறேன். அவர் வந்து இடது பக்கம் நின்றால் நான் திரும்பிக்கொள்ள வேண்டும். சுற்றி வந்தால் நானும் சுற்ற வேண்டும். சிரிப்பு வருகிறது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன், அம்மன் பார்க்கிறாள், சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய். தெரியும், ஏன் பார்க்கிறாய் என்று தெரியும். பதினெட்டு வருஷமாக இந்தக் கண்ணைப் பார்க்காமல்தான் தெருவில் குனிந்து போய்க்கொண்டிருந்தேன், இன்றைக்கு வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். தேன்மொழிக்கு அப்போது நாலு வயது. மஞ்சள் காமாலை முற்றி, கண், நகம், மூத்திரம் எல்லாம் மஞ்சளாகி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கீழே பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தேன். அவள் அப்பா சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் இருந்து வரவில்லை. சொந்தக்காரர் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. சபைக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு அம்மாக்கள், பன்னும் பாலும் கொண்டுவந்து, நீ சாப்பிட்டாயா என்று முதலில் என்னைக் கேட்டார்கள். அதற்கு முன்னால் என்னை அப்படி யார் கேட்டார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. பிள்ளையின் தலையில் கை வைத்தார்கள், தொட்டார்கள், எங்கள் ஊர் எது, தெரு எது என்று கேட்காமல் தொட்டார்கள், ஜெபம் பண்ணினார்கள், நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அழுதேன், மூன்றாம் நாள் பிள்ளை இட்லி கேட்டது. இதைத்தான் சபையில் சாட்சியாகச் சொல்கிறேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லி இப்போது ஆஸ்பத்திரியே ஞாபகம் இல்லை, சாட்சிதான் ஞாபகம் இருக்கிறது, எந்த இடத்தில் எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள், எந்த இடத்தில் எனக்கு அழுகை வரும் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. ஆனால் சாட்சியில் இல்லாத ஒன்று இருக்கிறது. அந்த அம்மாக்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், குழாயடியில் பால் டம்ளரைக் கழுவும்போது, தாயே மாரியாத்தா, என் பிள்ளையைக் கொடுத்துவிடு, ஆடியில் உனக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சத்தமாகவே வேண்டிக்கொண்டேன், பக்கத்தில் தண்ணீர் பிடித்த பெண் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இவர்கள் வந்தார்கள். அந்த வாரமே டாக்டர் ஊசியையும் மாற்றினார். யார் கொடுத்தார்கள் பிள்ளையை? ஊசியா, கூழா, ஜெபமா? மூன்று பேர் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள், பிள்ளை மேலே வந்தது, யார் இழுத்ததில் வந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்ல. கூழ் ஊற்றவில்லை. முதல் ஆடியில் தள்ளிப்போட்டேன், இரண்டாம் ஆடிக்குள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன், அது பாவம் என்றார்கள். பாவம்தான். ஆனால் சொன்ன சொல்? கேட்டு வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒரு பாவம்தானே. இதைப் பாஸ்டரிடமும் கேட்டதில்லை, பச்சையக்காவிடமும் சொன்னதில்லை, தேன்மொழிக்குச் சுத்தமாகத் தெரியாது. அவள் உயிரோடு வந்த கதையில் பாதிதான் அவளுக்குத் தெரியும்.

வண்டிச் சத்தம். வந்துவிட்டார். எழுந்து நின்று முந்தானையைச் சரி பண்ணி, வலது காதைத் திருப்பி — இல்லை, கேஸ் சிலிண்டர்காரர். உட்கார்ந்துவிட்டேன். இப்படித்தான் போன மாதம் இரண்டு வண்டியில் வந்தார் தண்டபாணி. ஊர்த் தெருவில் டைல்ஸ் கடை, இப்போது ஏதோ இந்து அமைப்பில் ஒன்றியத் தலைவர். எங்கள் தெருவுக்குள் அவர் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா என்றார் என்னை. அவர் அப்பா என் அம்மாவை ஏய் என்று கூப்பிட்டது எனக்குக் காதில் இருக்கிறது, பிள்ளை அம்மா என்கிறார், சந்தோஷப்பட வேண்டியதுதான், எனக்கு என்னவோ பயமாகத்தான் இருந்தது. "மனு யார் போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாதும்மா. ஆனா ஒரு வழி இருக்கு. தாய் மதத்துக்குத் திரும்பிட்டா கேஸே இல்ல. ஊர்க் கோயில் வாசல்ல சின்னதா ஒரு ஓமம், பத்து நிமிஷ வேலை. நீங்கல்லாம் நம்மாளுங்கம்மா" என்றார். நான் கொஞ்சம் வாய்த் துடுக்கு, சும்மா இருக்கத் தெரியாது, "நம்மாளுன்னா தேரு எங்க தெருவுக்கு வருங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்றவன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். தண்டபாணி சிரித்தார். "அதெல்லாம் பொறவு பேசிக்கலாம்மா" என்றார். வாசலில் ஓமமாம். உள்ளே இல்லை, வாசலில். பேனரில் என் படம் வரும், திரும்பி வந்த அஞ்சலாட்சி என்று போடுவார்கள், எங்கே போனேன் திரும்பி வருவதற்கு, உள்ளே விட்டிருந்தால் அல்லவா வெளியே போயிருப்பேன். ஆனால் அன்றைக்கு ராத்திரியெல்லாம் பத்து நிமிஷம்தானே, பத்து நிமிஷம்தானே என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. பாஸ்டர் என்ன செய்தார்? தைரியமாகச் சத்தியத்தைச் சொல் சகோதரி, கர்த்தர் வேறு வேலை தருவார் என்று சபையில் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. வெளியே செருப்புப் போடும் இடத்தில் பக்கத்தில் வந்து, குரலை இறக்கி, "பாப்பா சர்டிபிகேட்ல என்னம்மா போட்டிருக்கு?" என்றார். இந்துன்னுதான் ஐயா என்றேன். "அப்படியே இருக்கட்டும். ரெண்டு மூணு வாரம் சபைக்கு வராதீங்க. எவனாவது போட்டோ எடுத்துடுவான்" என்றார். பாஸ்டரின் மூத்த மகள் கவர்மென்ட் நர்ஸ். அவள் சர்டிபிகேட்டில் என்ன இருக்கிறது என்று சபையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. திட்டத் தோன்றவில்லை எனக்கு. பிள்ளை பெற்றவர். ஒரு பக்கம் போட்டோ எடுக்கிறேன் வா என்கிறார்கள், ஒரு பக்கம் போட்டோ எடுத்துவிடுவார்கள் வராதே என்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் மாறினவர்களுக்கும் சலுகை வாங்கித் தருகிறோம் என்று மைக்கில் சொல்கிறார்கள், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அதே மைக், அதே பேச்சு. இதில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆர்.ஐ. வந்து பார்த்து எழுதப் போகிறாராம். எழுதிய பிறகு என்னிடமும் காட்டினால் நானும் தெரிந்துகொள்வேன்.

தேன்மொழி இருந்தால் எல்லாம் கெட்டது. நல்லவேளை, திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்விட்டாள். நினைவு தெரிந்ததில் இருந்து அவளுக்கு ஒரே சாமி, என்னைப் போல இரண்டு சாமிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் இல்லை. பொய் சொல்ல வராது. காலையில் தலை பின்னிக்கொண்டே, "எனக்கு வேலை வேணும்மா, ஆனா நீ வசனத்த கழட்டாத" என்றாள். இரண்டும் எப்படிடீ நடக்கும் என்றேன். "அது எனக்குத் தெரியாது. நீ ஜெபம் பண்ணிட்டு உக்காரு, அவரு வந்தா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள். கேட்டதுக்கு மட்டும் என்றால், கேட்பதே அதுதானே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள், அப்போது கன்னம் வெறும் கன்னம், நெற்றி வெறும் நெற்றி. இந்தக் கோலத்தில் அவள் என்னைப் பார்த்ததே இல்லை. ஜெபம் பண்ணினேனா? பண்ணவில்லை. இரண்டு தடவை கண்ணை மூடினேன், அம்மன் பார்க்கிற மாதிரி இருந்தது, திறந்துவிட்டேன். இவள் வீட்டுச் சுவரில் இருக்கும்போது கர்த்தரிடம் எப்படிப் பேசுவது, அவரிடம் பேசிக்கொண்டே இவளை எப்படிச் சுவரில் வைத்துக்கொள்வது. காலனிக் கோயிலில் ரேடியோ போட்டுவிட்டார்கள். இன்றைக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், கேழ்வரகு வேகிற மணம் தெருவெல்லாம் வருகிறது, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. அம்மன் கூழ் சாப்பிட்டு எத்தனை வருஷம். படையல் என்று பச்சையக்கா கொடுத்தாலும் வாங்கியதில்லை, முகம் சுண்டிப்போய் எடுத்துக்கொண்டு போவாள், மறுநாள் ஒன்றும் நடக்காதது போலக் குழம்பு கொண்டுவருவாள். நான் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தால் மட்டும் இரண்டு துண்டாகக் கேட்டு வாங்குவாள். யார் பெரியவர்கள் இதில்.

"அஞ்சலாட்சி யாரும்மா?"

வண்டிச் சத்தமே கேட்கவில்லை. வாசலில் நின்றுகொண்டிருக்கிறார், ஹெல்மெட் கையில், கக்கத்தில் ஃபைல், ஐம்பது ஐம்பத்திரண்டு வயது இருக்கும், வேர்த்துக் கொட்டுகிறது. நெற்றியில் சின்னதாக விபூதி. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, அதைப் பார்த்ததும் எனக்குத் தண்டபாணி ஞாபகம்தான் வந்தது, ஆனால் கயிறு கட்டியவர்கள் எல்லாம் தண்டபாணியா என்ன. நான்தான் சார், உள்ள வாங்க என்றேன். ஸ்தோத்திரம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன், அதில் ஜெயித்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சொம்பில் கொடுத்தேன், அண்ணாந்து குடிக்காமல் உதடு வைத்துக் குடித்தார், அதையும் கவனித்துக்கொண்டேன். ரேஷன் கார்டைப் பார்த்தார், வரி ரசீதைப் பார்த்தார், எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அவர் கண் கதவுக்குப் போனது. மஞ்சள் பூசிய மூலையில் நின்றது. அங்கிருந்து ஆணிக்கு வந்தது. "பழைய படமாம்மா?" என்றார். பழைய படம்தான் சார், இருபது வருஷம் இருக்கும் என்றேன். பொய் இல்லை. மதம் என்ன என்று கேட்பார் கேட்பார் என்று பார்க்கிறேன், கேட்கவில்லை, தானே ஏதோ எழுதிக்கொண்டார். வெளியில் ரேடியோ சத்தத்தைக் கேட்டு, "ஆடி வெள்ளியாச்சே. நீங்க கூழ் ஊத்தலையாம்மா?" என்றார். சும்மா பேச்சுக்குக் கேட்டாரா, பிடிப்பதற்குக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. இதற்கு மட்டும் நான் பதில் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை.

"நேர்ந்துக்கினது ஒண்ணு நிக்குது சார். பாப்பா நாலு வயசுல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேண்டிக்கினது."

"இன்னும் செய்யலையா?"

"இல்லங்க சார்."

"ஏம்மா?"

"கை வரலைங்க சார்" என்றேன். பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத ஓர் ஆபீசரிடம் சொல்லிவிட்டேன், நடிப்பு என்று நினைத்திருப்பாரோ என்னவோ. அவர் பேனாவை மூடித் திறந்தார். "சரி. விளக்கேத்தி, எப்பவும் கும்பிடற மாதிரி ஒரு தடவை கும்பிடுங்க. ரிப்போர்ட்ல ஒரு போட்டோ வைக்கணும்" என்றார். முதல் தீக்குச்சி நமுத்துப் போயிருந்தது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவதில் திரி பிடித்தது. கை கூப்பிக் கண்ணை மூடினேன். எப்பவும் கும்பிடுகிற மாதிரி. மூடிய உடனே, எங்கிருந்துதான் வந்ததோ, காலையில் இருந்து வராத ஜெபம் வந்தது. என் பிள்ளையைக் கைவிட்டுவிடாதே, நான் செய்தது எதையும் அவள் தலையில் போட்டுவிடாதே, சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை, மன்னித்துக்கொள், இன்றைக்குப் படத்தைக் கழற்றினேன், மன்னித்துக்கொள் என்று இரண்டு மன்னிப்பும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது, யாருக்கு எது என்று பிரிக்க முடியவில்லை. இடது காதில் சுரீர் என்று துணி பட்டது. அப்போதுதான் தெரிந்தது. முந்தானை என் தலையில் இருக்கிறது. நான் போட்டுக்கொள்ளவில்லை, சத்தியமாக நான் போடவில்லை, கை போட்டிருக்கிறது. அம்மனைக் கும்பிடுகிற எந்தப் பெண்பிள்ளை இந்தப் பக்கத்தில் முக்காடு போட்டுக் கும்பிடுகிறாள். சபையில்தான் போடுவோம். முக்காடு இல்லாமல் ஜெபம் பண்ணியே பழக்கமில்லாத தலை. கண்ணைத் திறக்கப் பயம். திறந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எடுத்துவிட்டால் ஒப்புக்கொண்டது போல, எடுக்காவிட்டாலும் ஒப்புக்கொண்டது போல. போச்சு, பாப்பாவின் வேலை போச்சு, மூன்று வருஷப் படிப்பு என் கையாலேயே போச்சு. ரேடியோவில் பாட்டு முடிந்து வெறும் இரைச்சல் ஓடுகிறது.

"அம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "முக்காட்ட எடுத்துடுங்க. போட்டோவுல மூஞ்சி தெரியணும்."

முந்தானை நெற்றிக்கு மேலேதான் இருந்தது. முகம் நன்றாகவே தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எடுத்தேன். வெட்கமாக இருந்தது, அப்படி ஒரு வெட்கம், ஆம்பிளை முன்னால் துணி விலகின மாதிரி. இரண்டு படம் எடுத்தார். ஒரு பேப்பரைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் இந்து, இந்துத் தெய்வங்களை வழிபட்டு வருகிறேன், வேறு மதத்துக்கு மாறவில்லை என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுதப் படிக்கச் சபையில்தான் கற்றுக்கொண்டேன், அதற்கு முன்னால் கைநாட்டு. அந்த எழுத்தை வைத்தே அஞ்சலாட்சி என்று போட்டேன், வாய் நின்ற இடத்தில் கை நிற்கவில்லை. என்ன சார் எழுதியிருக்கீங்க என்று கேட்டேன், என் வாய்த் துடுக்கு எங்கே போகும். "பாத்தத எழுதியிருக்கேம்மா" என்றார். எதைப் பார்த்ததை? கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் போடுவதற்கு முன்னால் என் இடது பக்கமாகவே நின்று, "காதுல ரத்தம் வருது. மஞ்சள் வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நல்ல மனுஷரா, கெட்டிக்காரரா, படத்தை எடுத்துக்கொண்டு போய் நாளைக்கு வேறு விதமாக எழுதுவாரா. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றேன், ஒன்றும் தெரியவில்லை.

வேலிப் பக்கம் பச்சையக்கா சேலைப் பொட்டலத்தோடு நிற்கிறாள். போயிட்டாராடி என்கிறாள். போயிட்டார், அம்மனைக் கொண்டுபோ அக்கா, வெள்ளிக்கிழமை என்கிறேன். அம்மனைக் கழற்றி வேலிக்கு மேலே கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கினால் கற்பூர வாசனை அடிக்கிறது. என்னக்கா இது என்றேன். "நம்ம வூட்டுக்கு வந்த சாமிய சும்மா வச்சிருப்பாங்களா? பிரிச்சு வச்சு ஒரு கற்பூரம் காட்னேன். பாப்பாவுக்கு நல்லபடியா வேலைய குடுத்துடுப்பான்னு கேட்டேன். தப்பாடி?" என்றாள். தப்பு என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தப்பு இல்லை அக்கா என்றேன். கூழ் இருக்கா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு வர உள்ளே போனாள். நானும் உள்ளே வந்து உட்கார்ந்தேன், செல்போன் அடித்தது. தேன்மொழி.

"வந்தாராம்மா? என்னா கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல. பாத்துட்டுப் போயிட்டாரு."

"ஜெபம் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"அவரு வரதுக்கு முன்னாடியா?"

"இல்ல. அவரு இருக்கசொல்லவே பண்ணினேன். அவரு எதிர்லயே நின்னு பண்ணினேன். போட்டோ கூட எடுத்துக்கினு போயிருக்காரு."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்கிறது. பயந்துவிட்டாளா, சந்தோஷப்படுகிறாளா, அழுகிறாளா. அப்புறம் மெதுவாக, "யாருகிட்டம்மா பண்ணின?" என்றாள்.

சுவரில் வெறும் ஆணி இருந்தது. மடியில் கற்பூரம் மணக்கிற பொட்டலம் இருந்தது. நெற்றியில் இன்னும் அரித்துக்கொண்டிருந்தது, இந்தத் தடவை நன்றாகச் சொறிந்துவிட்டேன், விரலெல்லாம் சிவப்பாகிவிட்டது.

"உனக்காகப் பண்ணினேன்டீ" என்றேன்.

அவள் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.